அட்டைகளைக் காயவைத்த பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் தோட்டத்து மக்களுக்கும் சுங்கைப்பட்டாணி நண்பர்களுக்கும் வணக்கம்.

அந்த ராத்திரி கோயில் மண்டபத்தில் தண்ணீர் புகுந்து, 1941 போர் விமானிகளைப் பற்றிய நம் கண்காட்சி அட்டைகள் நனைந்த கதையை மறுபடி எழுதப் போவதில்லை. பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேருக்கு வாட்சாப்பில் படம் வந்திருக்கும். எப்படியோ, டிசம்பர் 8ஆம் தேதி திறக்க வேண்டிய கண்காட்சி அதே டிசம்பர் 8ஆம் தேதி திறந்தது. உடம்பு வலி போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பாட்டி. மூன்றாவது லயத்துக் கடைசி வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பேரைப் போட்டால் வீட்டுப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

மாதிரி விமானங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கைப்பட எழுதிய அட்டைகள்தான் கண்காட்சிக்கு உயிர். ஒரு விமானிக்கு ஓர் அட்டை. 1941இல் நம் ஊர் விமானத் திடலில் இருந்த ஆஸ்திரேலிய 21ஆம் படைப்பிரிவு, அப்புறம் ஈப்போவுக்கு வந்து சேர்ந்த 453ஆம் படைப்பிரிவு. இரண்டும் ஓட்டியது பஃபலோ. அமெரிக்காவில் செய்த குட்டையான, வயிறு பெருத்த விமானம். இதே ரகத்தில் எடை குறைந்த ஒன்றை வைத்துக்கொண்டு பின்லாந்துக்காரர்கள் ரஷ்யர்களைத் திணறடித்தார்கள். இங்கே வந்தது கனம் கூடியது. ஜப்பானின் ஹயபுசா சண்டை விமானம் அதைவிட வேகமாக மேலே ஏறும், சட்டென்று வளையும். ஜப்பான் மலாயாவைத் தாக்கிய 1941 டிசம்பர் 8 காலை நம் திடலில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பஃபலோக்கள் ஓடி மேலே எழும்பின. எழும்பி என்ன, துப்பாக்கி சுடவில்லை. விமானிகள் கோழைகள் என்று இன்னும் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

சரி, அட்டைக்கு வருகிறேன். விடியற்காலையில் அவை ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. நானும் இரண்டு பையன்களும் கறுப்புப் பையில் அள்ளிக்கொண்டிருந்தோம். சாமிக்குப் பூ வைக்க வந்த பாட்டி வாசலிலேயே நின்று, “எங்கடா கொண்டு போறீங்க?” என்றார். குப்பைக்கு என்றேன். பையைப் பிடுங்கிக்கொண்டார்.

குழந்தை குளிப்பாட்டும் பெரிய பேசினில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். நனைந்ததை மறுபடி தண்ணீரில் போடுவதா என்று எனக்குத் திக்கென்றது. “ஒட்டினத இழுத்தா கிழியும். தண்ணியில விடு, அதுவா விடும்,” என்றார். விட்டது. ஓரத்தில் கட்டைவிரலை நுழைத்து, உள்ளங்கையால் அடியில் தாங்கி, ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். மார்க்கரில் எழுதிய தலைப்புகள் கரைந்து ஓடிவிட்டன. பால்பாயிண்ட் பேனா எழுத்து அப்படியே நின்றது. வெயிலில் போடக் கூடாதாம், மின்விசிறியும் கூடாதாம். லயத்து வராந்தா நெடுக மூங்கில் கழி கட்டி, வீட்டுக்கு வீடு துணி மாட்டும் கவ்விகளை வாங்கி வந்து, நிழலில் தொங்கவிட்டார். அடியில் தணலும் சாம்பிராணியும். செம்பனை வருவதற்கு முன், இந்தத் தோட்டத்தில் பால்மரம் இருந்த காலத்தில், ரப்பர் சீட்டைப் புகை வீட்டில் தொங்கவிட்டுக் காயவைத்ததுதான் பாட்டியின் வேலை. “பொகை பட்டா பூசணம் புடிக்காது,” என்றார். சாயங்காலம் அட்டைகளை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து நிமிர்த்தினோம். கண்காட்சிக்கு வந்தவர்களில் சிலர் அட்டையை மோந்து பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

ஏன் பாட்டி இவ்வளவு பாடு, வேறு எழுதிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவருடைய அம்மா அன்று காலை பால்காட்டில் இருந்தாராம், குண்டுச் சத்தம் கேட்டு வாளியைப் போட்டுவிட்டுக் கால்வாயில் படுத்தாராம். அது எங்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்துச் சொன்னதுதான் தெரியாதது. அவருடைய பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. “எங்க பெரியப்பா பேரு எந்தத் தாள்லயும் இல்ல. விமானம் ஓட்டின இந்தப் புள்ளைங்க பேராவது எழுதியிருக்கு. எழுதின பேரக் குப்பையில போடுவாங்களா?”

எனக்கு அதற்குப் பதில் இல்லை. கல்லறை கிடைக்காத விமானிகளின் பெயரும் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவுச் சுவரில் இருக்கிறது. அங்கே மொத்தம் 24,000 பெயர்களுக்கு மேல். சயாமுக்குப் போன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு எந்தச் சுவர்?

மற்றவர்களுக்கும் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கேன்வாஸை இரவல் கேட்டதற்குச் சும்மாவே கொடுத்த இரும்புக்கடைச் சீனத் தவுக்கே, விடிய விடியத் தண்ணீர் இறைத்த இளைஞர்கள், பள்ளி மேசைகளைத் தூக்கி வந்த ஆசிரியைகள், நாசி லெமாக் கட்டி அனுப்பிய கம்பத்து மக்சிக், லாரிக்கு எண்ணெய்க் காசுகூட வாங்காத தம்பி, எல்லோருக்கும் நன்றி. ஆர்தர் ஸ்கார்ஃப் அட்டையைச் சண்டை விமானிகள் வரிசையில் இருந்து எடுக்கச் சொன்ன ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும்தான். அவன் சொன்னது சரி. ஸ்கார்ஃப் ஓட்டியது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம். டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்தில் மற்ற விமானங்கள் தரையிலேயே அடிபட, இவர் மட்டும் தனியாகச் சயாமில் ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த சிங்கோரா வரை போய்க் குண்டு போட்டார். படுகாயத்தோடு திரும்பி அலோர்ஸ்டாரில் இறக்கினார். கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவி தாதியாக இருந்த அதே மருத்துவமனையில் உயிர் போனது. 1946இல்தான் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைக் கொடுத்தார்கள். இப்போது அந்த அட்டை தனி மேசையில் இருக்கிறது.

அடுத்த டிசம்பரில் விமானிகள் பக்கத்தில் இன்னொரு பலகை நிற்கும். சயாமுக்குப் போன நம் தோட்டத்து ஆட்களின் பெயர்களை எழுத, பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பப் போகிறேன். தாத்தா, பெரியப்பா, மாமன் யார் போயிருந்தாலும் பெயரைச் சொல்லி அனுப்புங்கள், அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. பள்ளி விடுமுறையில் ஸ்கார்ஃப் கல்லறை இருக்கும் தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒரு பஸ் பேசியிருக்கிறோம். முன் சீட்டு பாட்டிக்கு. மீதி இடம் வேண்டுகிறவர்கள் கோயில் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.