ஓக்ஸ் ஏம்ஸ்: நீக்கம் அல்ல, கண்டனம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க ரயில் பாதைக் கட்டுரையில், மண்வாரி உற்பத்தியாளரும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மாசசூசெட்ஸ் உறுப்பினருமான ஓக்ஸ் ஏம்ஸ் அரசு மானியத்தைச் சுருட்டிப் பதவி இழந்ததாக உள்ளது. இரண்டும் பிழை.

ரயில் கம்பெனிக்கு அரசு தந்தது மானியம் அல்ல, 30 ஆண்டுக் கடன் பத்திரம், 6 சதவீத வட்டி. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலைகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலத்தில் 32,000, மலையில் 48,000. இலவசமாகக் கிடைத்தது நிலம்தான். நம் தென்னிந்திய ரயில் கம்பெனிகளுக்கோ முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் இருந்தது. செலவைக் குறைக்க அவசரமில்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

ஊழல் நடந்தது வேறிடத்தில். யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியை நடத்தியவர்களே கிரெடிட் மொபிலியர் என்ற, பாதை போடும் ஒப்பந்தக் கம்பெனியையும் வைத்திருந்தார்கள். வேலை கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே ஆள் என்றால் விலை பேச யார் இருக்கிறார்கள்? 1867 ஆகஸ்டில் ஏம்ஸ் பெயரில் போட்ட ஒப்பந்தம் மட்டும் 667 மைலுக்கு 4.7 கோடி டாலரைத் தாண்டியது. லாபம் ஒப்பந்தக் கம்பெனியில் தங்கியது, கடன் ரயில் கம்பெனி தலையில் ஏறியது.

இதை யாரும் கிளறாதிருக்க, 1867 கடைசியிலிருந்து ஏம்ஸ் சக உறுப்பினர்களுக்கு கிரெடிட் மொபிலியர் பங்குகளை விற்றார். முகமதிப்பு 100 டாலர், உண்மை மதிப்போ அதைப்போல இரு மடங்குக்குக் குறையாது. கையில் காசில்லாதவர்களுக்கு டிவிடெண்டிலேயே, அதாவது பங்குக்கு வரும் லாபத்திலேயே, விலையைக் கழித்துக்கொண்டார். பங்குகள் ஏம்ஸ் பெயரிலேயே, 'அறங்காவலர்' என்ற அடைமொழியோடு இருந்ததால் பதிவேட்டில் வாங்கியவர் பெயர் வரவில்லை. பங்குத் தகராறில் அந்தக் கம்பெனியின் பங்குதாரர் ஹென்றி மெக்கோம்ப் தொடுத்த வழக்கில் ஏம்ஸின் கடிதங்கள் சிக்கின. 1872 செப்டம்பரில் நியூயார்க் 'சன்' நாளிதழ் அவற்றை வெளியிட்டது.

விசாரணைக் குழு பதவி நீக்கத்தைத்தான் பரிந்துரைத்தது. சபையோ 1873 பிப்ரவரி இறுதியில் கண்டனத்தோடு நிறுத்திக்கொண்டது. பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பிய ஏம்ஸ் மே 8 அன்று இறந்தார். நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் புரூக்ஸுக்கும் கண்டனம் கிடைத்தது. பங்கு வாங்கியதாகப் பேசப்பட்ட மற்றவர்களைச் சபை தொடவில்லை. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 1881இல் அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆனார். இந்தப் பாகுபாடு அநியாயம் என்றே நினைக்கிறேன். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

திருத்தம் வெளியிடும்போது ஒப்பந்தக் கணக்கையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். தொடர்புடைய தரப்பினர் பரிவர்த்தனையை (இப்படி ஒரே ஆட்கள் இரு பக்கமும் இருக்கும் வியாபாரத்தை) பாடமாகப் படிக்கும் கடலூர், புதுச்சேரி வணிகவியல் மாணவர்களுக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.