பவுல் பார்க்காத நூலகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், இன்றைய துருக்கியில் இருக்கும் எபேசு பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் செல்சஸ் நூலகத்தின் படத்துக்குக் கீழே 'பவுல் போதித்த இடம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அப்போஸ்தலர் பவுல் எபேசுவில் தங்கியது கி.பி. 50களில். அந்த நூலகமோ செல்சஸ் என்ற ரோம ஆளுநரின் நினைவாக அவர் மகன் 2ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. இடிந்து கிடந்த முகப்பை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் மறுபடி நிறுத்தியதே 1970களில்தான். பவுல் இரண்டு வருடம் தினமும் பேசியது திறன்னு என்பவரின் வித்தியாசாலையில், அதாவது பள்ளியில். அது இருந்த இடம் இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

சில வருடங்களுக்கு முன் சபையாரோடு நான் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். நம்பி, முக்கால் மணி நேரம் அங்கே படம் எடுத்துக்கொண்டு நின்றோம். பெரிய அரங்குக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் வரும் அரங்கு அதுதான். எபேசியர் வணங்கிய தியானாள் தேவியின் கோவிலைப் போலவே வெள்ளியில் குட்டிக் கோவில்கள் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியு, சக தொழிலாளிகளைக் கூட்டி முதலில் பேசியது பவுலின் போதனையால் கெடும் பிழைப்பைப் பற்றி. பக்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. பவுலின் வழித்துணைகளான காயுவையும் அரிஸ்தர்க்குவையும் இழுத்துக்கொண்டு கூட்டம் அரங்குக்குள் பாய்ந்தது. "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் கத்தியது. உள்ளே போகத் துணிந்த பவுலைச் சீஷர்கள் விடவில்லை. கடைசியில் கூட்டத்தை அமர்த்தியது பட்டணத்துச் சம்பிரதி, அதாவது நகர எழுத்தர்.

எங்களோடு வந்த ஒரு வயதான அக்கா கீழே நின்று இந்த அதிகாரத்தை வாசித்தார். மைக் இல்லை. மேல் படியில், வெயிலில் சுட்ட கல்லில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சுமார் 25 ஆயிரம் பேர் கொள்ளும் இடம். அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அங்கிருந்து பார்த்தால் துறைமுகத் தெரு நேராக மேற்கே போகிறது. கடலைக் காணோம். ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது; கொரிந்துப் பக்கமிருந்து பவுல் கப்பலில் வந்த ஊருக்கு இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்துங்கள். கூடவே அந்த அரங்கின் படம் ஒன்றையும் போடுங்கள்.

வாசகி,
பாளையங்கோட்டை