ஹின்வில் தொழிற்சாலையின் புதிய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆடி நிறுவனத்தின் ஃபார்முலா ஒன் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சுவிட்சர்லாந்தின் ஹின்வில் ஊரிலிருந்து பந்தயத்துக்குக் கிளம்பும் கார்களில் 2026 முதல் உங்கள் நான்கு வளையச் சின்னம் இருக்கிறது. அணியை உருவாக்கிய பீட்டர் சாபரின் பெயர் இல்லை. பணம் போட்டவர் தம் பெயரை வைப்பது முறைதான். நான் கேட்க வந்தது வேறு. அதற்கு முன் அந்தத் தொழிற்சாலை எப்படி உண்டானது என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

1955 ஜூனில் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தின்போது ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து சிதறியதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சுவிட்சர்லாந்து சர்க்யூட் பந்தயங்களை, அதாவது ஒரே தடத்தில் பல கார்கள் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயங்களை, சட்டம் போட்டுத் தடை செய்தது. வேகத்தில் பித்துப் பிடித்தவர்களுக்கு மிஞ்சியது மலைப்பாதைதான். ஹில் கிளைம்ப் என்னும் அந்த மலையேறும் பந்தயத்தில் பக்கத்தில் இன்னொரு கார் ஓடாது. ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டு மேலே போய்ச் சேர வேண்டும். டயர் சரியாகச் சூடேறுவதற்குள் வளைவுகள் வந்துவிடும். ஒரு கொண்டை ஊசி வளைவில் அரை நொடியை விட்டுவிட்டால், அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எலக்ட்ரீஷியன் வேலை கற்ற பீட்டர் சாபர் 1967இல் இந்தப் பாதைகளில் ஏறத் தொடங்கியது, தேவைக்கேற்ப மாற்றியமைத்த ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில். உங்கள் தாய் நிறுவனத்தின் வண்டி! 1970இல் பெற்றோர் வீட்டு நிலவறையில் தன் முதல் பந்தயக் காரைக் கட்டினார். மனைவி கிறிஸ்டியானின் முதல் எழுத்தைக் கொண்டு அதற்கு சி1 என்று பெயர் வைத்தார். அந்தக் காரிலேயே சுவிஸ் ஹில் கிளைம்ப் பட்டத்தையும் வென்றார். சில ஆண்டுகளில் ஓட்டுவதை விட்டுவிட்டு, கார் கட்டுவதையே பிழைப்பாக்கிக்கொண்டார்.

1955க்குப் பின் பந்தயக் களத்தைவிட்டு ஒதுங்கிய மெர்சிடிஸ், முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது இவரோடு சேர்ந்துதான். 1989இல் சாபர் சி9 வெள்ளி நிறத்தில் லெ மான்ஸை வென்றது. எந்த விபத்தால் தன் நாட்டில் சர்க்யூட்டுகள் மூடப்பட்டனவோ, அதே இடத்தில், அதே நிறுவனத்தின் எஞ்சினோடு ஒரு சுவிஸ்காரர் பெற்ற வெற்றி அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அடுத்து ஃபார்முலா ஒன் என்று ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, 1991 இறுதியில் மெர்சிடிஸ் தன் சொந்த அணியாக இறங்குவதில்லை என்று முடிவெடுத்தது. உதவியை முற்றிலும் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பொறுப்பு முழுவதும் சாபரின் தலையில் விழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1993இல் தென்னாப்பிரிக்காவின் கயாலாமியில் முதல் பந்தயம், அணியின் ஓட்டுநர் ஜே.ஜே. லேட்டோ ஐந்தாவதாக வந்து இரண்டு புள்ளிகள் எடுத்தார்.

கார் பந்தயத்தில் வெறும் 23 போட்டிகள் ஓட்டியிருந்த இளம் ஓட்டுநர் கிமி ரைக்கோனனை 2001இல் நேராக ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தவரும் சாபரே. பங்குதாரரான ரெட் புல் வேறொருவரை விரும்பியது. அந்தப் பிணக்கு பங்குதாரரையே இழக்கும் வரை போனது. ஆனாலும் சாபர் தன் கண்ணை நம்பினார்.

2005இல் அணியின் பெரும்பங்கு பிஎம்டபிள்யூவின் கைக்குப் போனது. 2008இல் கனடா பந்தயத்தில் அணியின் ஓட்டுநர் குபிட்சா வென்றார். அடுத்த ஆண்டு ஜூலையிலேயே பிஎம்டபிள்யூ விலகுவதாக அறிவித்தது. வாங்க வந்தவர்களின் பேரம் முறிந்தது, 2010 பந்தயங்களில் பங்கேற்க அணிக்கு இருந்த இடமும் கைவிட்டுப் போனது. 66 வயதில், நிம்மதியாக வீட்டில் இருந்திருக்க வேண்டிய சாபர், அணியைத் திரும்ப வாங்கினார். டொயோட்டா அணி விலகியதால்தான் இடம் கிடைத்தது. பலர் வேலையிழந்தார்கள், அவர் வராதிருந்தால் அத்தனை பேரும் இழந்திருப்பார்கள். பிறகு 2012இல் பொறுப்பை, டேராடூனில் பிறந்த மோனிஷா கால்டன்போர்னிடம் ஒப்படைத்தார். ஃபார்முலா ஒன் அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்.

ஹின்வில்லுக்கு வரும் மூன்றாவது பெரிய ஜெர்மன் கார் நிறுவனம் நீங்கள். உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கார் நிறுவனங்கள் விற்பனை சரிந்தால் முதலில் கைவைப்பது பந்தயத்தில்தான். இன்னொரு முறை ஓடிவந்து காப்பாற்ற ஒரு பீட்டர் சாபரை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஆகவே இரண்டு உறுதிமொழிகளைப் பகிரங்கமாகத் தாருங்கள். என்றைக்காவது விலகுவதாக இருந்தால், ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே ஊழியர்களுக்குச் சொல்லிவிடுங்கள். தகுதியான வாரிசு கிடைக்கும் வரை அணியின் இடத்தைக் கைவிடாதீர்கள். அதோடு, சாபர் கார்களின் மாடல் எண்ணுக்கு முன்னால் இருந்த 'சி' என்ற எழுத்தை, காரில் வேண்டாம், தொழிற்சாலையின் ஒரு கட்டடத்துக்காவது சூட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு ஃபார்முலா ஒன் ரசிகன்