புதுமைக்கு ஒரு கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளில் புதுமையே இல்லை என்று சென்ற இதழில் வருத்தப்பட்டிருந்தீர்கள். கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: புதுமையோடு போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செம்மணலில் சித்திரை வெயிலிலும் வாடாமல் நிற்கும் செடிகளின் வேரில் என்னென்ன நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று பார்க்க ஒரு புராஜெக்ட் எழுதினேன். படிவத்தில் ‘இதில் புதுமை என்ன?’ என்று ஒரு கட்டம் உண்டு. ஆசை ஆசையாக நிரப்பினேன். ‘முதற்கட்ட முடிவுகள் இணைக்கப்படவில்லை, வெற்றிவாய்ப்பு உறுதியில்லை’ என்று திரும்பி வந்தது. முதற்கட்ட முடிவு வேண்டுமென்றால் பணம் வேண்டும். பணத்துக்குத்தானே விண்ணப்பமே! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

அப்புறம் நானும் சூதானமாகிவிட்டேன். பாதி முடித்து வைத்திருந்த வேலையை, இனிமேல்தான் தொடங்கப்போவதுபோல எழுதி அனுப்பினேன். உடனே கிடைத்தது. மூன்று வருடம் கழித்து ‘நோக்கங்கள் யாவும் நிறைவேறின’ என்று அறிக்கையும் கொடுத்தேன். நிறைவேறாமல் எங்கே போகும்?

இது நம் ஊர்ச் சீக்கு மட்டுமல்ல. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 15 முன்மொழிவுகளை 142 பேரிடம் கொடுத்து, எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடச் சொன்னார்கள். மிகப் புதிதாக இருந்தவற்றுக்கு மதிப்பெண் குறைந்தது என்று 2016-இல் ஆய்வு வெளியானது.

வெற்றியை மூன்று வருடக் கணக்கில் அளப்பதும் சரியில்லை. மகேந்திரகிரியில் சோதித்த கிரையோஜெனிக் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள்; கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின் அது. திட்டம் தொடங்கியது 1994-இல். 2010 ஏப்ரலில் அதைப் பொருத்திய ராக்கெட் கடலில் விழுந்தது. ஜெயித்தது 2014 ஜனவரி 5 அன்று. இன்னொரு பக்கம், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16 என்ற நெல் ரகம் இருக்கிறது. ஒட்டுச் சேர்ப்பதும் பொறுக்குவதும் நெல் ஆராய்ச்சியில் பழைய வேலைதான். அதைச் செய்தவர்களிடம் போய் ‘புதுமை என்ன?’ என்று கேட்டால் என்ன எழுதுவார்கள்? அவர்களையும் வேஷம் போடத்தான் வைக்கிறோம்.

பழகிய வழியில் பயன் தரும் வேலைக்குப் புதுமை கேட்க வேண்டாம். துணிந்த முயற்சிகளுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி, தகுதியானவற்றைப் பொறுக்கிய பிறகு சீட்டுக் குலுக்கிப் போடட்டும். சிரிக்காதீர்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013-இல் இப்படிச் செய்யத் தொடங்கியது. தகுதி பார்த்து, அப்புறம் ஓலை எடுப்பது உத்திரமேரூர்க்காரர்களின் குடவோலை முறைதானே. (சபைக்கு வருகிறவர்களின் தகுதியைக் கல்லில் வெட்டி வைத்ததில் நம் திருநெல்வேலிப் பக்கத்து மானூர் அதற்கும் மூத்தது. அதை யாரும் சொல்வதில்லை.)

தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 2023-இல் சட்டம் வந்தபோது ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு ரூபாயையாவது குடத்தில் போட்டுப் பார்க்கலாம். ஓலையில் என் தேரி மணல் வராமல் போனால், சரி, அதிர்ஷ்டமில்லை என்று அடுத்த வருடம் மறுபடி போடுவேன்.

– ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.