காரைப் பயணம்: அம்மோனைட்டுகளைக் கண்டால் செய்ய வேண்டியவை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஞாயிறன்று நாம் நடக்கவிருக்கும் பெரம்பலூர் மாவட்டக் காரை கிராமத்தின் களிமண் சரிவுகள், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தவை. மழை அரித்து வெளிக்கொணர்ந்த அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல்வாழ் உயிரினத்தின் புதைபடிவம்) கண்ணில் பட்டால், அதைத் தொடும் முன் அருகில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அது கிடந்த இடத்தையும் மண் அடுக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி மறைந்ததால்தான் அவற்றைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்க முடிகிறது. கிடந்த இடம் தெரியாத புதைபடிவம் அந்தச் சாட்சியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

ஓடு தேய்ந்த இடங்களில் இலை விளிம்புபோல் நெளியும் தையற்கோடுகளே (ஓட்டின் உள்ளறைச் சுவர்கள் ஓட்டுடன் இணையும் கோடுகள்) இனத்தை அடையாளம் காட்டுவதால், கல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தின் சுருளும் இதே உயிரினத் தொகுதியின் தடயமே.

சுத்தியல், உளி கொண்டுவர வேண்டாம். அனுமதியின்றி எதையும் எடுத்துச் செல்லவும் கூடாது.