ஆற்றங்கரைக் கோரையையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லைச் சீமையின் கைவினைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை எங்கள் தெருவில் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். பத்தமடைப் பாய்க்கு அதில் நல்ல இடம் கொடுத்திருந்தீர்கள். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு எங்கள் ஊர்ப் பாய் போனது, பிறகு புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாம் எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் இளம் பெண்களுக்கு ஆர்வம் இல்லாததால் இந்தக் கலை அழிகிறது என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கோரை எடுத்துக் கொடுத்துப் பழகியவள் நான். இன்றும் தறியில்தான் இருக்கிறேன். என் மகளுக்கும் நெய்யத் தெரியும். நெய்வதற்கு நல்ல கோரை வேண்டுமே!

பாயைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்கள் விரல்களைப் பாராட்டுகிறார்கள். விரலுக்கு முன்னால் ஆறு இருக்கிறது. பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அந்த ஈரத்தில், கரையோரச் சேற்றில் தானாக வளர்ந்த கோரையிலிருந்துதான் பத்தமடைப் பாய் பிறந்தது. வயலில் களையாக முளைக்கிற கோரையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முழங்காலைத் தொடுவதே அதிகம். எங்கள் கோரை ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். நடுவில் கணு இருக்காது. கணு இல்லாததால்தான் அதை அடியிலிருந்து நுனி வரை ஒரே இழையாகக் கிழிக்க முடிகிறது.

பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் கிழித்து, தண்டின் உள்ளே மெத்தென்று இருக்கும் சோற்றுப் பகுதியை நீக்கி வெயிலில் காயவைப்போம். பிறகு கட்டுக் கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போடுவோம். தேங்கிய தண்ணீர் உதவாது. கோரை அழுகி, நிறம் கறுத்துவிடும். ஓடும் தண்ணீரில் அது நன்றாக ஊதிப் பருக்கும். அதை மறுபடி உலர்த்தி இன்னும் மெல்லியதாகக் கிழிப்போம். முன்பெல்லாம் பதிமுகக் கட்டையை வேகவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள்; இப்போது கடைச் சாயம்தான். தறியில் நீளவாக்கில் பருத்தி நூலால் பாவு கட்டுவோம். நெசவின் நெருக்கத்தைச் சொல்லும் எண் 100, 120, 140 என்று ஏற ஏறப் பாய் மென்மையாகும். பட்டுப் போல மென்மையாக இருப்பதால் பட்டுப்பாய் என்று நாங்கள் சொல்லும் 140 எண் பாயைத் துணி போல மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு பாயை முடிக்கக் கண்ணும் முதுகும் எவ்வளவு தேய்கின்றன என்பது நெய்கிறவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்து நெய்யும்போது ஓர் எழுத்துக் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு எந்தக் கோரையும் ஆகாது. கரூர்ப் பக்கம் காவிரிப் பாசனத்தில் பயிராகவே கோரை வளர்க்கிறார்கள். வீட்டுப் புழக்கத்துக்கான பாய்க்கு அது அருமையான கோரை. இங்கே கிடைக்காதபோது நாங்களும் அதை வாங்குகிறோம். ஆனால் பட்டுப்பாய்க்குக் கிழிக்க உட்கார்ந்தால் பாதிக்கு மேல் கழிவாகப் போகிறது. வண்டி வாடகையும் சேர்ந்துகொண்டால் எங்கள் கூலி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. இதைக் கண்ணால் பார்க்கிற பெண்பிள்ளை தையல் வேலைக்கோ கடை வேலைக்கோ போனால் அவளைக் குறை சொல்வது நியாயமா? நான் சொல்ல மாட்டேன்.

ஆற்றில் என்ன நடந்தது என்று கரையில் நடந்து பார்த்தால் தெரியும். மணல் போன இடங்களில் கரை செங்குத்தாக அறுந்து கிடக்கிறது. கோரைக்கு வேண்டிய சரிவான சேற்று நிலம் அங்கே இல்லை. மற்ற இடங்களில் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. தண்ணீர் மெதுவாக ஓடும் இடங்களை அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடிவிட்டது. சாக்கடை வந்து கலக்கக் கலக்க அது கொழுக்கிறது. நாங்கள் கோரை ஊறப்போட்ட துறைகளில் இப்போது காலை வைக்கவே கூசுகிறது.

இவற்றைச் சரிசெய்ய நல்ல மனதோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆற்றைத் தூய்மை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒருமுறை எங்கள் பகுதியில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கி, கருவேலத்தோடும் அமலையோடும் சேர்த்துக் கோரையையும் வேரோடு வழித்துப் போட்டுவிட்டார்கள். ஓடிப்போய்ச் சொன்னோம். இதுவும் புல்தானே என்றார்கள். கோரை மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் படர்வது. மேலே அறுத்தால் மறுபடி துளிர்க்கும், கிழங்கையே வழித்தெடுத்தால் எங்கிருந்து வரும்? கரை மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பதும் அந்த வேர்தான். அந்த இடத்தில் அடுத்த மழைக்கே கரை சரிந்ததை நாங்கள் பார்த்தோம்.

புவிசார் குறியீடு பாய்க்கு இருக்கிறது. அந்தப் பாய்க்கு உயிரான கோரை வளரும் நிலத்துக்கு எந்தக் காப்பும் இல்லை. பத்தமடை, சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஆற்றோரமும் கன்னடியன் கால்வாய் ஓரமும் கோரை நிற்கிற இடங்களை அளந்து குறித்து, அங்கே இயந்திரம் இறங்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டும். தூய்மைப் பணிக்கு வருகிறவர்கள் எங்களில் இரண்டு பெண்களைக் கூட அழைத்துக்கொள்ளட்டும். எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று காட்டுவோம். இதற்குக் கூலி கூடக் கேட்க மாட்டோம். சாக்கடை சேராத ஒரு துறையைக் கோரை ஊறப்போட ஒதுக்கித் தந்தால் போதும். கண்காட்சிக்கும் விருதுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வந்தால் நாங்கள் நன்றியோடு இருப்போம்.

அடுத்த அறுப்புக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் தங்கள் நிருபர் ஒருவரைப் பத்தமடைக்கு அனுப்பி வையுங்கள். தறியைப் படமெடுப்பதற்கு முன்னால், கோரை நின்ற கரைக்கு அவரை நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பாய் நெய்யும் பெண் ஒருத்தி,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.