பூதத்தைப் பிள்ளைகளே செய்யட்டும்: பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் வகுப்புகளுக்கான கைவினை வேலைகளைத் திட்டமிடும் நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பூதப் பொம்மை செய்யும் பாடத்துக்கென்று கண், பல், கொம்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி உறையிலிட்டு வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் கண்காட்சிக்காக அத்தகைய உறைகள் வந்தன. கோணலாக ஒட்டியிருந்த கண்களை மாலையில் ஆசிரியர்கள் நாங்களே பிய்த்து நேராக ஒட்டினோம். மறுநாள் தம்முடைய பூதம் எதுவென்று பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

வேண்டிய பொருள்கள் மிகக் குறைவு. அடி தட்டையான காகிதப் பையைக் கவிழ்த்துப் பிடித்தால், மடிந்திருக்கும் அடிப்பகுதியே மேல்தாடையாகிவிடும். அந்த மடிப்புக்குள் விரல்களை நுழைத்து மடக்கி விரித்தால் வாய் மூடித் திறக்கும். கம்பளி நூல், கையால் கிழித்த வண்ணத் தாள், பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் இவை போதும். பொத்தானையும் மணியையும் சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால் கண்களைத் தாளிலேயே செய்வது நல்லது.

முயல் செய்தால் அது முயல்போல் இருக்கிறதா என்ற கேள்வி எழும். பூதத்துக்கோ சரியான உருவம் என்று ஒன்று இல்லை. ஆகவே எந்தப் பிள்ளையும் அதைத் தவறாகச் செய்துவிட முடியாது. இருட்டுக்கும் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பதாக எண்ணும் ஏதோ ஒன்றுக்கும் அஞ்சுகிற வயதில், அந்த அச்சத்தையே கையில் மாட்டி அதற்குத் தானே குரல் கொடுக்கும்போது பிள்ளையின் முகம் தெளிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வகுப்பில் வாய் திறவாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, பையின் மடிப்பைத் தூக்கி, வாய்க்குள்ளே இரண்டு கண்களை ஒட்டினாள். ஏன் என்று கேட்டேன். அவள் பேசவில்லை, பூதம் பேசியது: “வாயைத் தொறந்தாத்தான் எனக்குக் கண்ணு தெரியும்.” உறையில் வந்த கண்களுக்கு இடம் முன்பே குறிக்கப்பட்டிருந்தால் இந்த வாக்கியம் பிறந்திருக்காது.

இதற்கு ஒரு பாடவேளை போதாது. ஒட்டுவதற்கு ஒரு நாளும், பசை உலர்ந்தபின் பூதங்களைப் பேசவிட மறுநாளும் ஒதுக்குங்கள். அடுத்த பருவத்துக்கான பொருள் பட்டியலில் வெட்டிய துண்டுகள் அடங்கிய உறைகளை நீக்கிவிட்டு வெறும் காகிதப் பைகளைச் சேருங்கள். கோணல் கண்களைக் கோணலாகவே கண்காட்சியில் வைக்க எங்களை அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியர்